மீனுக்கு வாங்கிய தண்ணீர்

என் மகனின் உதடு நீலம் பாரித்திருக்கிறது என்று முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் ராத்தா. அதற்கு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனாள்.

திங்கட்கிழமை காலை. வேலியோரம் நின்று இஸ்ஹாக்கைக் கையில் வாங்கியவள், வெயிலுக்கு நேரே பிடித்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அஸ்ரியா, புள்ளட ஒதட்டப் பாத்தியா? நாவப்பழம் திண்டாப்போல இரிக்கி."

"ஒங்கட கண்ண அங்கால எடுங்க ராத்தா. நீங்க இப்பிடிப் பாத்துப் பாத்துத்தான் புள்ளக்கி ஒவ்வொண்டும் வருது" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் போனாள். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்கு ராத்தாவை ஏசியது அவள் பொய் சொன்னாள் என்பதற்காக அல்ல. மூன்று நாட்களாக நான் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் என்பதற்காக.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துக் கிடைத்த பிள்ளை. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அந்தத் திங்கட்கிழமை அவனுக்கு எழுபத்தாறு நாள். உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். உதடு நீலம்தான். ஒழுகாமல் கூரையில் போட்ட நீலப் படங்கின் நிழலாக இருக்கும் என்று அடுத்த ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் அதே நிறம். வாப்பாவைப் போல கறுப்பாக வரப்போகிறான், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொன்னேன். வாப்பா ஸப்ரான் நாள் முழுக்கக் கடலில் வெயில் குடிக்கிறவர். எழுபத்தாறு நாள் பிள்ளைக்கு ஏது வெயில் என்று மனம் திருப்பிக் கேட்டது. மனதையும் ஏசினேன்.

ஸப்ரானின் தொழில் அழகு மீன் பிடிப்பது. சமைக்கிற மீன் அல்ல, கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்க்கிற மீன். யுத்தம் முடிந்து கடல் திறந்த பிறகுதான் இந்தப் பக்கம் இந்தத் தொழில் பெருத்தது. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு பவளப் பாறைக்கு இறங்கி, சின்ன வலையால் ஒவ்வொன்றாகப் பிடித்து, நோகாமல் கொண்டுவருவார். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட மீன்கள், அவை குடியிருக்கும் கடற்பூக்கள், மீனின் வாயையும் செவுளையும் துப்புரவாக்கும் சிவப்பு இறால்கள். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் ஏழு தொட்டிகள். பிடிப்பது அவர், உயிரோடு வைத்திருப்பது நான். கிழமைக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, சிலாபத்திலிருந்து நிக்கொலஸ் அண்ணன் தன் வான் வண்டியில் வந்து ஏற்றிப் போவார். அவர் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு மீன் சேர்க்கிறவர்.

இந்த வேலையை எனக்குப் படிப்பித்தவர் அவர்தான். தொட்டியில் இருப்பது கடல் தண்ணீர். தகரத்தின் சூட்டுக்கு அது நாளுக்கு இரண்டு விரல் வற்றும். வற்றிய இடத்துக்கு மறுபடி கடல் தண்ணீர் ஊற்றினால் உப்புக் கூடி மீன் செத்துவிடும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

"தண்ணி போகும், உப்பு போகாது. சொல்லுங்க தங்கச்சி" என்பார்.

குர்ஆன் ஓதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நானும் சொல்வேன். "தண்ணி போகும், உப்பு போகாது."

"ஹரி. அந்தத் தண்ணியும் பில்டர் தண்ணிதான். பைப்புத் தண்ணி ஒரு சொட்டும் எப்பா." சிங்களம் கலந்துதான் பேசுவார்; எப்பா என்றால் வேண்டாம்.

எனக்கு இது பெரிய எடுப்பாகத்தான் பட்டது. எங்கள் குழாய்த் தண்ணீருக்கு என்ன குறை? இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல் உள்வாங்கிய களப்பு, நடுவில் மணல். ஒரு கிணறு உவர்க்கும், நாலு அடி தள்ளித் தோண்டினால் இளநீராய் இனிக்கும். அதனால் தண்ணீரை நாங்கள் நாக்கால்தான் சோதிப்போம். உவர்த்தால் கெட்டது, இனித்தால் நல்லது. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தொண்ணூறாம் ஆண்டு என் உம்மாவும் வாப்பாவும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு உடுத்த துணியோடு வந்தவர்கள். நான் பிறந்த முகாமில் உவர்த் தண்ணீரில்தான் தேத்தண்ணி. இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த அன்று குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பெரிய கிணற்றிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்கு ஏற்றி, நாற்பது வீட்டுக்கு வரும் தண்ணீர் அது.

பில்டர் தண்ணீர் சந்தியில் கிடைக்கும். காசைப் போட்டால் கேனில் விழும். கிட்னி வருத்தக்காரர்களும் வயசாளிகளும் வாங்குவார்கள். மற்றவர்கள் அதைச் சத்தெல்லாம் உறிஞ்சி எடுத்த சக்கைத் தண்ணீர் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். மீனுக்கு மட்டும் அதை இரண்டு கேன், ஸ்கூட்டியின் காலடியில் வைத்து, இரண்டு வருடமாய் நாள் தவறாமல் சுமந்தேன்.

பிள்ளை பிறந்த பிறகுதான் பிசகினேன். நாற்பது நாளும் ஸப்ரான் கொண்டுவந்து தந்தார். அதற்குப் பிறகு நான் கேனைத் தூக்கினால் தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுத்தது. மூன்று கிழமைக்கு முன்னால் ஒருநாள் குழாயைத் திறந்து வாளியில் பிடித்துத் தொட்டிகளுக்கு ஊற்றினேன். மறுநாள் பார்த்தேன், ஒரு மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகென்ன, அதுவே வழக்கமாகிவிட்டது. பில்டர் தண்ணீர் ஒரேயொரு கேனைக் கொட்டில் வாசலில் வைத்திருந்தேன், நிக்கொலஸ் அண்ணனின் கண்ணில் படட்டும் என்று. ஸப்ரானுக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை இறால்கள் சாகத் தொடங்கின. மல்லாந்து கிடந்து கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன. நடுப்பகல் லுஹருக்குள் அந்த அசைவும் நின்றது. புதன்கிழமை கடற்பூ ஒன்று சுருங்கி, வாயைப் பிளந்து, சளியாய்க் கரைந்தது. அதில் குடியிருந்த சோடி மீன்கள் போக இடமில்லாமல் அந்தச் சளியையே சுற்றிச் சுற்றி வந்தன. தொட்டியில் காற்று மோட்டார் கொப்புளம் கொப்புளமாய்க் காற்றை விட்டுக்கொண்டிருக்க, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று இருக்கிறது, ஆனால் அதுகளுக்குக் கிடைக்கவில்லை.

கொட்டிலிலிருந்து ஓடி வந்து சேலையில் கட்டிய ஏணையை விலக்கிப் பார்ப்பேன். இஸ்ஹாக்கின் நெஞ்சு வேகவேகமாய் ஏறி இறங்கும். மறுபடி கொட்டிலுக்கு ஓடுவேன். இரண்டு பயங்களுக்கும் நடுவில் அந்த முற்றத்தை எத்தனை தரம் கடந்தேனோ தெரியாது. இரண்டும் ஒன்று என்று மட்டும் தோன்றவில்லை.

பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லை. ஐந்தாம் கிழமை எனக்கு மார்பில் கட்டி வந்து, காய்ச்சலில் விழுந்து, கட்டியை வெட்டி எடுத்த பிறகு பால் நின்றுவிட்டது. அன்றிலிருந்து டின் பால்மா. சுத்த விஷயத்தில் என்னை ஒருவர் குறை சொல்ல முடியாது. போத்தலை அவிப்பேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்கக் கிளினிக்கில் சொன்னார்கள். நான் கேத்தலில் ஒரு தரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றி அரைவாசியாக வற்றும்வரை கொதிக்க விட்டுத்தான் பிளாஸ்கில் ஊற்றுவேன். அதுவும் இனிப்பான குழாய்த் தண்ணீர். சந்தியில் விற்கிற சக்கைத் தண்ணீரை என் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

புதன்கிழமை பின்னேரம் ஸப்ரானிடம் சொன்னேன். "இஞ்சருங்க, புள்ளட நிறம் எனக்குப் பயமா இரிக்கி."

அவர் ஏணைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்த மனிதரின் முகத்திலும் அந்தப் பயம் வந்து போனதைக் கண்டேன். "கண்ணூறா இரிக்கும். லெப்பைட்ட ஓதித் தண்ணி வாங்கு" என்றார்.

ஒரு போத்தலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் லெப்பையிடம் போனேன். நல்ல மனிதர். பிள்ளையின் நெற்றியில் கை வைத்து ஓதி, தண்ணீரிலும் ஊதித் தந்தார்.

"மகள், ஓதித் தந்திருக்கன். ஆனா இவர டொக்டர்ட்டக் காட்டுங்க. நாளைக்கி எண்டு வைக்காதீங்க" என்றார்.

நான் காதில் வாங்கியது முதல் பாதியை மட்டும். வெள்ளிக்கிழமை கிளினிக் நாள், அன்றைக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து, அந்தத் தண்ணீரில் ஒவ்வொன்றாய் மூன்று கரண்டி பிள்ளையின் வாயில் விட்டேன்.

வியாழக்கிழமை ஸப்ரான் சுபஹு தொழுத கையோடு உச்சமுனைப் பக்கம் கடலுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு நிக்கொலஸ் அண்ணன் வந்தார். கொட்டிலுக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுருக்கினார். செத்த கடற்பூவின் நாற்றம் அப்படி.

"அனே தங்கச்சி, என்ன நடந்தது?"

"சூடு கூடிப்போச்சு அண்ணே" என்றேன்.

அவர் வானிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், இரண்டு மருந்துப் போத்தல், நிறங்கள் அச்சடித்த அட்டை. தொட்டித் தண்ணீரைக் கோடுவரை நிரப்பி, முதல் மருந்தில் பத்துச் சொட்டு விட்டு ஆட்டினார். இரண்டாவது போத்தலை நன்றாகக் குலுக்கி அதில் பத்துச் சொட்டு. பிறகு கைபேசியில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். மஞ்சளாயிருந்த தண்ணீர் மெல்ல மெல்லச் செம்மஞ்சளாகி, சிவப்பானது.

"நைட்ரேட்" என்றார். "பசளைல இருக்கிற சாமான். இவ்வளவு எப்பிடித் தொட்டிக்குள்ள வந்தது? என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"பில்டர் தண்ணிதான். அந்தா கேன் இரிக்கி."

கேன் தண்ணீரையும் சோதித்தார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் அது மஞ்சளாகவே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. தப்பிவிட்டேன்.

"அப்ப தண்ணில பிழை இல்ல" என்று குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னார். "வேற காரணத்தையும் நான் பாக்கணும். ஸப்ரான் மருந்தடிச்சுப் புடிக்கிறானோ தெரியா. நஞ்சு பட்ட மீன் இப்பிடித்தான், நாலு நாள் இருந்து சாகும்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பாறைக்கு மருந்தடித்து மீனை மயக்கிப் பிடிக்கிற கள்ளர்கள் இருக்கிறார்கள்தான். என் புருஷன் ஒற்றை மீனுக்காக அரை மணித்தியாலம் தண்ணீருக்குள் காத்திருக்கிறவர். அவர் பெயரை எடுத்தால் நான் சும்மா இருப்பேனா?

"அவர்ட தொழில்ல கை வைக்காதீங்க அண்ணே!" என்று கத்தினேன். "அவர் ஒரு பிழையும் செய்யல்ல. நான்தான் பைப்புத் தண்ணி ஊத்தினன். மூணு கெழமையா ஊத்துறன். கேன் சும்மா காட்டுறதுக்கு வெச்சது. போதுமா?"

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "அந்தத் தண்ணியக் கொண்டாங்க" என்றார், அவ்வளவுதான்.

கோப்பையில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். இந்தத் தண்ணீருக்கு ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. இரண்டாவது மருந்தை விட்டு ஆட்ட ஆட்டவே சிவந்தது. தொட்டித் தண்ணீரைவிடக் கடும் சிவப்பு. அட்டையில் கடைசி நிறத்தையும் தாண்டியிருந்தது.

"வெங்காயத்துக்குப் போடுற பசளை மணலால எறங்கிக் கிணத்துக்குப் போகுது" என்றார்.

"நல்ல ருசியான தண்ணி அண்ணே அது."

"இதுக்கு ருசி இல்ல. மணமும் இல்ல. இது கூடினா ரத்தம் காத்தப் புடிக்காதாம். கம்பெனில சொல்லித் தந்தாங்க. பாருங்க மீன, எவ்வளவு காத்து விட்டாலும் மூச்சுக்கு இழுக்குது."

நான் ஏணை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

"கொதிக்க வெச்சா?" என்று கேட்டேன். "கொதிக்க வெச்சாப் போயிரும்தானே?"

அவர் சிரித்துவிட்டார், பாவம், அவருக்கு என்ன தெரியும். "ரெண்டு வருசமா என்ன படிப்பிச்சன் தங்கச்சி? தண்ணி போகும்..."

மிச்சத்தை நான் சொல்லவில்லை. குசினிக்கு ஓடினேன். மேசையில் இருந்த பிளாஸ்கை எடுத்து வந்து கோப்பையில் ஊற்றினேன். அன்று காலையில் இரண்டு தரம் கொதிக்க வைத்து, அரைவாசியாக வற்றவிட்ட தண்ணீர். தானாய் ஆறுவதற்குக்கூட நான் விடவில்லை. ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஆற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"இது என்ன தண்ணி?"

"பாருங்க. கேக்காமப் பாருங்க."

பத்துச் சொட்டு. ஆட்டினார். பத்துச் சொட்டு. நான் இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்து யா அல்லாஹ், மஞ்சள், மஞ்சள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். முகாமில் தண்ணீர் பவுசர் லொறிக்கு வரிசையில் நின்ற சிறு வயதில்கூட ஒரு வாளித் தண்ணீருக்காக நான் இப்படி துஆ கேட்டதில்லை. குழாய்க்குள் சிவப்பு வந்தது. முந்தியதைவிடக் கறுத்த சிவப்பு.

"புள்ளக்கி மா கரைக்கிற தண்ணி அண்ணே" என்றேன்.

அவர் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து உடைந்தது.

ஏணையிலிருந்து இஸ்ஹாக்கைத் தூக்கினேன். எப்போதும் தூக்கினால் முறுகி அழுகிறவன் அன்றைக்கு அழவில்லை. தலை என் தோளில் தொய்ந்தது. உதடு மட்டுமல்ல, நகக் கண்களும் நீலம். முகம் சாம்பல். யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல், திங்கட்கிழமை நான் ஏசி அனுப்பிய அந்த மனிசியைத்தான் கூப்பிட்டேன்.

"உம்மு குல்சூம் ராத்தா! ராத்தா, ஓடி வாங்க! என்ட புள்ள!"

அவள் கேட்டுக்கேள்வியில்லாமல் வேலியைத் தாண்டி வந்தாள். அடுப்பில் கறி இருந்திருக்கும், கையில் அகப்பை இருந்தது. அதை முற்றத்தில் போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வானில் ஏறினேன்.

வானுக்குள் மீன் பைகளுக்குக் காற்று நிரப்பும் ஒக்சிசன் சிலிண்டர் இருந்தது. நிக்கொலஸ் அண்ணன் அதன் வாயைத் திறந்து, நுனிக் குழாயைப் பிள்ளையின் மூக்கருகில் பிடிக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கற்பிட்டி ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். நான் குழாயைப் பிடித்திருந்தேன். ராத்தா மடியில் வைத்து ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தாள். உஸ்ஸென்று ஒக்சிசன் வந்துகொண்டே இருந்தது. பிள்ளையின் நிறம் மாறவேயில்லை.

"ஏன் ராத்தா மாறல்ல? காத்துப் போகுதுதானே? ஏன் மாறல்ல?"

"பேசாம இரி புள்ள. ஓது."

எனக்கு ஓத வரவில்லை. அல்ஹம்து சூராகூட நாக்கில் நிற்கவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் வெங்காயப் பாத்திகள். தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சுழன்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அதைப் பார்த்துப் பச்சை என்று சந்தோஷப்பட்டவள் நான். இன்றைக்கு இவன் மௌத்தானால் கொன்றது நான்தான். வேறு யாருமில்லை, இரண்டு தரம் கொதிக்க வைத்த நான்.

கற்பிட்டியில் பார்த்த உடனேயே அம்புலன்சில் ஏற்றிப் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். நிக்கொலஸ் அண்ணன் பின்னால் வானில் வந்தார். அந்த ஒரு மணித்தியாலம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. புத்தளத்தில் ஒரு பெண் டொக்டர், சிங்களப் பிள்ளை, இஸ்ஹாக்கின் கையில் ஊசியை ஏற்றி இரத்தம் எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அது இரத்த நிறத்தில் இல்லை. சொக்லட்டைக் கரைத்த மாதிரி மண்ணிறம். டொக்டர் அதை ஒரு வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். மண்ணிறமாகவே இருந்தது. அவர் சிங்களத்தில் அவசரமாக ஏதோ சொல்ல, நர்ஸ் மிஸ்மார் ஓடினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

கொண்டுவந்த மருந்து கடும் நீலம். என் பிள்ளையை நீலம் தின்றுகொண்டிருக்கையில் இன்னும் நீலத்தை ஏற்றுகிறார்களே என்று நெஞ்சு பதறியது. துளித்துளியாய் அது அவன் நரம்புக்குள் போனது. நான் அவன் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணிமைக்கவும் பயம். கால் மணித்தியாலம் இருக்கும். முதலில் காது மடல், பிறகு உதட்டின் ஓரம். நம்பாமல் ராத்தாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிவப்பு வந்தது. அந்தக் கண்ணாடிக் குழாயில் கண்டு நடுங்கினேனே, அந்தச் சிவப்பு என் பிள்ளையின் உதட்டில் வந்தது. அவன் முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, ஆஸ்பத்திரி அதிர அழுதான். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஸப்ரான் வந்தார். கடலில் இறங்கிய உடுப்போடு, தலைமயிரில் உப்புப் பூத்து நின்றார். நிக்கொலஸ் அண்ணன் அவரை ஒதுக்கிக் கொண்டுபோய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்த ஸப்ரான் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராத்தா வராந்தாவில் நின்று வீட்டுக்கு வீடு போன் எடுத்துக்கொண்டிருந்தாள். "கைப்புள்ள இரிக்கிற ஊட்டுக்கெல்லாம் சொல்லுங்க. பைப்புத் தண்ணில மா கரைக்க வேணாம். கொதிக்க வெச்சும் வேணாம்" என்ற அவள் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது.

டொக்டர் மிஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதமும் பேனையும் எடுத்தார். அவருக்குத் தெரிந்த தமிழில், கோபமில்லாமல், ஒவ்வொன்றாய்க் கேட்டார். எத்தனை நாளாய் மா கொடுக்கிறது, நாளுக்கு எத்தனை தரம், என்ன தண்ணீர். நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

"ஒங்க ஊர்ல பில்டர் தண்ணி இல்லயா அம்மா?"

"இரிக்கி மிஸ்."

"வாங்க கஷ்டமா?"

"இல்ல. வாங்குறம். ரெண்டு வருசமா வாங்கினம்."

அவர் பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வாங்குறது. அப்ப அந்தத் தண்ணி யாருக்கு?"

ஸப்ரான் என்னைப் பார்த்தார். நிக்கொலஸ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வாய் நீளம் என்று பெயரெடுத்த எனக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல நேரமெடுத்தது.

"மீனுக்கு, மிஸ்" என்றேன். "புள்ளக்கி சத்தான தண்ணி குடுக்கணும் எண்டு, நான் பைப்புத் தண்ணியக் குடுத்தன்."

அவர் அதை எழுதவில்லை. பேனையை மூடிவிட்டு, எழும்பி, என் தோளில் கையை வைத்தார். அதுவரைக்கும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.